ஏழு சதவீதம்

விற்றாயிற்று.
முஹாங்காவிலிருந்து வந்த ஆள்
டயரை உதைத்துப் பார்த்தான், செயினை இழுத்துப் பார்த்தான்.
இன்ஜின் இரண்டு முறை இருமியபோது மட்டும்
யாரோ கூப்பிட்டதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
நானும் சொல்லவில்லை.
டேங்கில் பாதி பெட்ரோல் கிடந்தது.
அதற்குத் தனியாகக் கேட்டிருக்கலாம்.
இன்னும் உறுத்துகிறது.

புது வண்டிக்குக் கிகாலியின் மேடுகளை
நான் பழக்கவில்லை. அதுவே ஏறியது.
இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி,
இரண்டு வயதுக் குழந்தையின் கனம்.
தீர்ந்தால் கிமிசகாராவில் கொடுத்துவிட்டு
நிறைந்த ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.
எதுவும் எவனுடையதும் அல்ல.
இன்று எனக்கு அடியில் இருப்பது
நேற்று எந்தத் திருட்டுக் காதலனைச் சுமந்ததோ,
எந்தப் பாதிரியாரையோ.

முதல் வாரம்
கை தானாகவே நியாபுகோகோ பங்க்குக்குள் திருப்பியது.
முசோனி குழாயைத் தூக்கிவிட்டான்.
பிறகுதான் வண்டியைப் பார்த்தான்.
"தண்ணீர் வேண்டுமா?" என்றான்.
குடித்துவிட்டு வந்தேன்.

சட்டையும் வீட்டுக்குள் வந்துவிட்டது.
பதினோரு வருடம் வெளிக்கொடியில் தூங்கிய சட்டை.
பெட்ரோல் வாடை என்று மனைவி அங்கேயே நிறுத்தியிருந்தாள்.
இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது,
உட்காரச் சொல்வார்களா என்று காத்திருக்கும்
விருந்தாளியைப் போல.

எதிர்பாராதது காதுதான்.
முன்பெல்லாம் பின்னிருக்கைப் பேச்சை
இன்ஜினே தின்றுவிடும்.
இப்போது அத்தனையும் என் பிடரியில் விழுகிறது:
வாடகை பாக்கி, மாமியார், ஜெபம்.
கச்சியிரு சிக்னலில் நின்றுகொண்டே
"ஹுயே பஸ்ஸில் இருக்கிறேன்" என்று
போனில் சத்தியம் செய்தான் ஒருவன்.
அவனுக்காக ஹார்ன் அடிக்காமல் வளைந்தேன்.
மோட்டோ ஹார்ன் பஸ் ஹார்ன் ஆகாதே.

அன்றைக்கு மழை.
நியாமிராம்போவில் முகாருக்விசா ஏறினாள்,
எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கல்யாணக் கேக்.
கிசோசிக்குப் போக வேண்டும்.
"ஆட்டாதே."
"ஆடுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை" என்றேன்,
என்னவோ நானே செய்த வண்டி மாதிரி.
பாதி வழியில் திரையில் ஏழு.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"அந்த ஏழு என்ன?"
"கியர்."
"என் தம்பியும் இதைத்தான் ஓட்டுகிறான்.
இதற்குக் கியர் கிடையாது."
அப்புறம் இருவரும் பேசவில்லை.
ஐந்து.
மூன்று.
மேடு தொடங்கும் இடத்தில் அவளாகவே இறங்கினாள்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, மழைக்கு ஆகும் என்று.
கேக்கைச் சுமந்துகொண்டு அவள் முன்னால்,
வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால்,
சிறு ஊர்வலம்போல ஏறினோம்.
ஜன்னல் ஒன்றிலிருந்து யாரோ கைகூடத் தட்டினார்கள்.

வாசலில் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.
கிரீமில் ஒரு கீறல் இல்லை.
பேசிய கூலியை எண்ணிக் கொடுத்தாள்,
அதிலிருந்து இருநூறு பிராங்க்கைத் திரும்ப எடுத்தாள்.
"நான் நடந்ததற்கு."

இறக்கத்தில் வண்டியை அதன் போக்கில் விட்டேன்.
பழைய வண்டி என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு உருளுவேன்,
ஒரு மிடறு பெட்ரோலாவது மிஞ்சட்டும் என்று.
இது வேறு கணக்கு.
திரையில் ஒன்று, இரண்டானது.
அடிவாரத்தில் மூன்று.
ஏறும்போது இருப்பதையெல்லாம் உருவிக்கொண்ட மலை
இறங்கும்போது சில்லறை திருப்பித் தந்தது.
நனைந்த ரோட்டில் தனியாகச் சிரித்தேன்.

கிமிசகாராவில் உவிம்பபாசி பெட்டியை வாங்கி
எண்ணைப் பார்த்தாள்.
"மூன்றுக்கா இறக்கினாய்?"
"மூன்றுக்கு ஏற்றினேன்."
அவளுக்குப் புரியவில்லை. பின்னால் வரிசை வேறு.

அப்போது எங்கோ ஒரு வண்டி இரண்டு முறை இருமியது.
உடம்புக்கு முன்னால் தலை திரும்பிவிட்டது.
வேறு யாருடையதோ.
"நகரப்பா" என்றான் அடுத்தவன்,
கையில் தீர்ந்த பெட்டியோடு.