சாம்பல் கோடு

மன்னவனூர்க் கால்நடை மருந்தகத்தின்
பத்து வீடியோவையும் ஏற்றியது நான்தான்.
குரலும் என்னுடையது,
ஜலதோஷம் பிடித்த வாரத்தில் பதிந்தது.

ஸ்ட்ரீமிங்கில் வைக்கலாம் என்றார்
திண்டுக்கல்லிலிருந்து வந்த பொறியாளர்.
வேகம் குறைந்தால் படம் தானாக மங்கிக்கொள்ளும்,
ஓடியது ஓடியபடி போய்விடும்,
போனில் எதுவும் தங்காது.
ஜன்னலுக்கு வெளியே டவர் தெரிந்தது.
அவர் அடுத்த வாக்கியத்துக்கு வரும்போது
தெரியவில்லை.

வேண்டாம் சார், வெறும் கோப்பாகவே இருக்கட்டும்.
சொட்டுச் சொட்டாக வரட்டும்,
வந்த மட்டும் ஓடட்டும்,
வந்தது போகாமல் இருந்தால் போதும்.

முதல் வாரம் ஒன்றும் ஓடவில்லை.
பதினோரு எம்பியும் இறங்கி முடியும்வரை கறுப்புத் திரை.
எந்தப் படம் எங்கே என்ற குறிப்பைக்
கேமரா கோப்பின் வாலில் எழுதி வைத்திருந்தது.
ஒரே கட்டளை.
வாலில் இருந்ததைத் தலைக்குக் கொண்டுவந்தேன்.
அப்போது தமயந்தியை எனக்குத் தெரியாது.

கவுஞ்சியில், மார்கழியில், இரவு ஒன்பதரைக்கு
அவளுடைய ஆடு படுத்துவிட்டது.
குட்டியின் தலை வெளியே, ஒரு முன்னங்கால் வெளியே,
மற்றது உள்ளே மடங்கி.
டாக்டர் கொடைக்கானலில்.
பூம்பாறைக்கு இந்தப் பக்கம் மரம் சாய்ந்து கிடந்தது.
பூண்டுப் பரணுக்கு ஏறும் ஏணியில்
மூன்றாம் படியில் செருகினால்தான் போனுக்கு உயிர்.
அழுத்தினாள், நிறுத்தினாள்,
வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

திரையின் அடியில் சாம்பல் கோடு
அட்டை மாதிரி நீண்டு, சுருங்காமல் நீண்டு,
முக்காலுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது.
டவரில் டீசல் தீர்ந்திருக்கும்.
அல்லது மேகம். அல்லது இரண்டும்.

வந்தவரை ஓட்டினாள்.
தலையை மெல்ல உள்ளே தள்ளுங்கள் என்றேன்.
தள்ளினாள்.
முழங்காலைத் தேடுங்கள் என்றேன்.
கிடைக்கவில்லை.
வழுக்கும் சுண்டுவிரலால் இருபது விநாடி பின்னால் இழுத்தாள்.
தேடுங்கள் என்றேன்.
ஏழு தடவை அதையே சொன்னேனாம்,
ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாமல்.
குளம்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
முன்னால் கொண்டுவா... என்று
மூக்கடைத்தபடி நான் சொல்லும்போதே
சிவப்புக் கோடு சாம்பலின் நுனியைத் தொட்டது.
வட்டம் சுற்றியது.

பூச்சி மருந்துக்கு வரிசையில் நின்றபோதுதான்
இதையெல்லாம் சொன்னாள்.
அப்புறம்? என்றேன்.
"அப்புறம் என்ன, கால் வந்துச்சு, குட்டியும் வந்துச்சு.
நீங்கதான் மேடம் நடுவுல நின்னுட்டீங்க."

விடிந்து ஆறரைக்கு டவர் எழுந்திருக்கிறது.
யாரும் தொடாமலே
ஏணியின் மூன்றாம் படியிலிருந்து,
எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியிடம்
நான் சொல்லியிருக்கிறேன்:
பதறாதீர்கள்.
நஞ்சுக்கொடி தானாக விழும்.
கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.