இரண்டு போன், ஒரு சிம்

நவ்ஷாத் கடைக் கண்ணாடிமேல்
இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன்.
ஒன்று என்னுடையது.
ஓரத்தில் தேயிலைத் தூள், நடுவே கீறல்,
பின்மூடி கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் பேண்டு.
மற்றது பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய ஐபோன்.
அவன் புதிது வாங்கியதால் பழசானது.
பழசு என்று சொன்னால்தான் தெரியும்.

"சிம்மை எதில போடணும் சேச்சி?"
பந்தலூர் பஜாரில் மூன்றாம் நாளாக
மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.
பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
சொல்லு, கேட்கிறேன் என்றேன்.

பதினேழு வருஷம் கொழுந்து பறித்த பெருவிரல் இது.
என் போன் ஒருநாளும் அதை அடையாளம் கண்டதில்லை,
ரேஷன் கடை மெஷினும்தான்.
நாலு எண்ணைத் தட்டித்தான் உள்ளே போவேன்.
ஐபோன் முகம் பார்க்கும் என்றான்.
பார்த்தது, திறந்தது.
ராத்திரி ஷிப்டுக்குப் போடும் குல்லாவை
மூக்குவரை இழுத்துக் காட்டினேன்.
யாரோ என்று மூடிக்கொண்டது.

தமிழில் அடித்துப் பார்த்தேன்.
'கொழு' என்றால் என் போன்
'கொழுந்து' என்று தானே முடிக்கும்.
ஃபாக்டரிக்குத் தினம் எடை அனுப்பிப் பழகியது.
இதில் 'கொழு' என்றேன்.
'கொழும்பு' என்றது.

ஹட்டனில் ஒரு நீள வரிசையில்
அப்பாவும் சித்தப்பாவும் முன்பின்னாக நின்றார்கள்.
இரண்டு பாரம்.
இரண்டிலும் கையெழுத்துப் போட முடியாது.
அப்பா இந்தப் பக்கம், சித்தப்பா அந்தப் பக்கம்.
எதற்கு அதைத் தேர்ந்தாய் என்று
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களா, தெரியாது.
அப்பா சொன்னது இவ்வளவுதான்:
அன்று கூட்டம் ஜாஸ்தி, பேனா ஒன்றுதான் இருந்தது.
மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது
அண்டா இருந்தது, அம்மிக் குழவி இருந்தது,
தையல் மெஷின் இல்லை.

"இதிலுள்ளது எல்லாம் அதுக்குப் போகுமா?"
"போட்டோ போகும். நம்பர் போகும்."
"வாட்ஸ்அப்பில் பேசினது?"
நவ்ஷாத் கூரையைப் பார்த்தான்.
"ஐபோனை முழுசா அழிக்கணும், கேபிள் வேணும்,
அப்புறம் நோக்கலாம்."
சித்தப்பா மகள் யோகராணி நுவரெலியாவிலிருந்து
குரலில் அனுப்பியவை நானூறுக்கு மேல்.
பாதி, வெங்காய விலை.
அதையா நோக்கப் போகிறாய்?

மகனைக் கூப்பிட்டேன்.
"அதையே வெச்சுக்கம்மா, அதுதான் பாதுகாப்பு" என்றான்.
யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை,
அவனுக்கு மீட்டிங்.

வனத்துறைப் பையன் போன வருஷம்
என் போனில் ஒரு செயலி ஏற்றித் தந்தான்.
'ஏழாம் நம்பர் காடு, மூன்று உருப்படி, ஒரு குட்டி'
என்று சிவப்பாய்க் கத்தும்.
இரவு பத்தரைக்கு ஷிப்டு முடிந்து
நாங்கள் ஆறு பெண்கள் நடந்து வருவது
அது வாயை மூடிக்கொண்டிருக்கும் நாட்களில்தான்.
"அது இதில் வருமா?"
நவ்ஷாத் தேடினான். பேர் மாற்றித் தேடினான்.
இங்கிலீஷில், தமிழில், மலையாளத்தில் தேடினான்.
யானைப் பொம்மை விளையாட்டு பதினொன்று வந்தது.
"இவங்க கடையில அது இல்ல சேச்சி."

சிம் இருந்த இடத்திலேயே இருந்தது.
ரப்பர் பேண்டுக்குப் பதில் புது மூடி, நூற்றிருபது ரூபாய்.
ஐபோனைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.
விற்க மனசில்லை, அவன் அனுப்பியது.
டார்ச் நல்ல வெளிச்சம், அது போதும்.

பஸ் இறங்கி வளைவு திரும்பினேன்.
போன் துள்ளியது:
'கேரளா உங்களை அன்புடன் வரவேற்கிறது.'
நான் தமிழ்நாட்டுச் சேற்றில்
இரண்டு காலும் புதைய நிற்கிறேன்.
அது என்னைக் கேட்காமல்
மலைக்கு அந்தப் பக்க டவரைப் பிடித்துக்கொண்டது.

மறுபடி துள்ளியது. சிவப்பு.
ஏழாம் நம்பர். இரண்டு உருப்படி.
குட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.
குடையை மடக்கிக்கொண்டு
சுற்று வழியில் நடந்தேன்.