உத்ரெக்டில் ஒரு மணி

அடுத்த ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.
பெட்டியை நிலையத்தில் பூட்டிவிட்டு
வரைபடமில்லாமல் இறங்கினேன்.
வலது குதிகாலில் நேற்றே தொடங்கிய கொப்புளம்.

இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு தட்டு.
மேலே கடைகள், சைக்கிள்கள், அவசரம்.
ஈரம் பூத்த படிகளில் இறங்கினால்
நீரை உரசிக்கொண்டு இன்னொரு தெரு.
பீப்பாய்கள் உருண்ட நிலவறைகளில் இப்போது
ஒரு பல் மருத்துவர்,
ஒரு யோகா வகுப்பு,
பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ
திரும்பத் திரும்பத் தப்பாக வாசிக்கும் டிரம்பெட்.
மரங்கள் கீழே வேர்விட்டு மேலே நிழல் தருகின்றன.
கீழே நடப்பவருக்கு அடிமரம்,
மேலே நடப்பவருக்கு இலை.

நேராகத்தான் நடந்தேன், சத்தியமாக.
நீர் வளைந்தபோது
என்னையும் சேர்த்து வளைத்தது தெரியவில்லை.
அதே பாலம்.
பிறகும் அதே பாலம்.
அதே சாம்பல் பூனை மூன்றாம் முறை
என்னைத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
கால்வாய் என்ற சொல்லில்
காலும் இருக்கிறது, வாயும் இருக்கிறது.
கால் தோற்ற பிறகு வாயைத் திறந்தேன்.

மீன் வண்டிக்காரி யிட்ஸ்கே
ஹெரிங்கின் மேல் வெங்காயம் தூவியபடி சொன்னாள்:
"கோபுரத்தைப் பார்த்து நடங்கள்."
கீழ்த்தெருவிலிருந்து கோபுரம் தெரியாது என்றேன்.
"அப்படியானால் மேலே ஏறி நடங்கள்."
மிச்சக் காசை ஈரக் கையால் தந்தாள்.
வெகுநேரம் என் உள்ளங்கையில் கடல்.

கோபுரம் ஒரு பக்கம், தேவாலயம் ஒரு பக்கம்.
நடுவில் இருந்ததை ஒரு புயல் கொண்டுபோயிற்று,
முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.
திரும்பக் கட்டவில்லை.
தரையில் மட்டும் வேறு நிறக் கற்கள்:
இங்கே சுவர், இங்கே தூண்.
தூண் நின்ற இடத்தில் ஒரு பையன்
ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான்.
வாசலில்லாமல் உள்ளே போய்
சுவரில்லாமல் வெளியே வந்தேன்.
தலைக்கு மேல்
வெறும் மேகம்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் கூட்டம்.
கீழே தூர்வாரும் படகு.
இரும்பு நகங்களை விரித்து
சேற்றுக்குள் கைவிட்டு
சைக்கிள்களை எடுத்துக்கொண்டிருந்தாள் மார்லூஸ்
(பெயர் மேற்சட்டையில் தைத்திருந்தது).
நான் வந்தபின் மட்டும் ஒன்பது.
சிப்பி படிந்த சக்கரம், பாசி பிடித்த கூடை,
கைப்பிடியில் இன்னும் முடிச்சவிழாத ரிப்பன்.

பத்தாவது வந்தபோது
என் பக்கத்தில் நின்றவர், வீபே,
தன் பேருந்து வந்துவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னார்:
"அது என்னுடையது."
பதினோரு வருடம் முன்பு காணாமல் போனதாம்.
பின்னால் குழந்தை இருக்கை.
அதில் உட்கார்ந்தவள் இப்போது அவரைவிட உயரம்;
காதில் பாட்டோடு நின்றாள்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரையில் போட்டதெல்லாம் நகராட்சிக்குச் சொந்தம்.
ஆனால் மார்லூஸுக்கு அந்த நேரம் பார்த்து
காப்பி குடிக்கத் தோன்றியது,
அதுவும் மறுபக்கம் திரும்பி.
வீபே ஒரு நாணயத்தால் மணியின் திருகைத் திருப்பினார்.
அசையவில்லை.
இன்னொரு நாணயம். அதுவும் வளைந்தது.
அப்போது மகள் படியிறங்கிப் போனாள்,
காதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு,
வீட்டுச் சாவியை நுழைத்து
ஒரே நெம்பு.

கோபுரம் நான்கு அடித்தது.
ஊரே அதிர்ந்தது.
ஒருவரும் அசையவில்லை.

அவள் மணியை நீரில் முக்கி,
உதறி,
கட்டைவிரலால் ஒருமுறை தட்டினாள்.
சளி பிடித்த ஒரே ஒரு "டிங்".
பாலத்தில் நின்ற அத்தனை பேரும்
சட்டென ஓரம் ஒதுங்கினோம்,
நானும்தான்,
வராத சைக்கிளுக்கு வழிவிட்டு.

பிறகு ஒருவரையொருவர் பார்த்து
கொஞ்சம் அசட்டுத்தனமாக
நின்றுகொண்டிருந்தோம்.