மூன்றாம் எழுத்து

பிறப்புக்கும் இறப்புக்கும் இங்கே ஒரே ஜன்னல்தான்.
தீவு சின்னது.
காலையில் ஒரு பெயரைச் சேர்ப்பேன்,
மதியம் ஒன்றைக் கோடு போட்டு அடிப்பேன்,
நடுவில் டப்பா சோறு.

பதினேழு வருஷமாகப் பெயர்கள் என் கைவழியே போகின்றன.
சூறைக்காற்று என்று பொருள், ஹயாதே:
முத்திரை விழுந்த சத்தத்துக்கும் விழிக்காமல் தூங்கினான்.
புத்தகத்தில் வைக்கும் அடையாளத் தாள், ஷியோரி:
செருகி வைத்ததுபோல் அப்பாவின் சட்டைக்குள் கிடந்தாள்.
நாற்று என்று பெயர்கொண்ட சனாயே
தொண்ணூற்றொரு வயதில்
போன வாரம் அறுவடையானாள்.

பொருள் கேட்பது என் வேலையில்லை.
எழுத்து பட்டியலில் இருக்கிறதா,
உச்சரிப்பு எழுதியிருக்கிறதா,
பதினான்கு நாளுக்குள் வந்தார்களா.
அவ்வளவே.

ஆகஸ்டில் ஒரு நாள், ஐந்தாக ஏழு நிமிஷம்.
கப்பல் பட்டறை ஒகிமோதோ வந்தார்,
வெல்டிங் பொறி துளைத்த சட்டையோடு.
பதினான்காம் நாள்.
எடை இருந்தது, மணி இருந்தது, மருத்துவச்சியின் முத்திரை இருந்தது.
பெயர்க் கட்டம் மட்டும்
குடி போன வீடு மாதிரி.

"முடிவாகவில்லை என்று எழுதியும் தரலாம்" என்றேன்.
"முடிவாகித்தான் இருந்தது.
பன்னிரண்டு வருஷம் முன்பே."

பர்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார்.
கால்நடை மருத்துவமனை.
ஒகிமோதோ நகி.
பெண். கறுப்பு வெள்ளை. அடுத்த ஊசி: ஜூன்.

நகி.
காற்று என்னும் எழுத்தின் கூரைக்குக் கீழே
நில் என்னும் எழுத்து.
அலை மடங்கிக் கடல்
தட்டில் ஊற்றிய எண்ணெயாய்க் கிடக்கும் பொழுது.
மனைவி தேர்ந்தெடுத்தாளாம், கல்யாணமான புதிதில்.
அவள் சிஸுரு, ஆயிரம் கொக்கு.
ஒன்றுகூட வந்து இறங்காத ஒன்பது வருஷம்.
சிகிச்சையை நிறுத்திய வாரம்
படகுத்துறையில், கயிற்றுச் சுருளுக்குள், ஒரு குட்டி.
துண்டால் துடைத்தபடியே அவள் அதை
அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
"நான் ஒன்றும் சொல்லவில்லை.
மீன் வாங்கப் போய்விட்டேன்."

போன வாரம் பூனைக்கு வேறு பெயர் பழக்கிப் பார்த்தார்களாம்.
முகி, கோதுமை.
காது கேளாத மாதிரி பாதம் நக்கிக்கொண்டிருந்ததாம்.
பழைய பெயரைத் தவறிப்போய்ச் சொன்னதும்
எழுந்து வந்து மடியில் ஏறிற்றாம்.
சிஸுரு அழுதாளாம்.
பூனைக்காகவா, பெயருக்காகவா,
அவருக்கும் தெரியவில்லை.

சட்டத்தில் பூனை இல்லை.
ஒரே கூரையின் கீழ் ஒரே பெயர் கூடாதென்று
எந்த விதியும் சொல்லவில்லை.
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தேகாலுக்குக் கதவடைப்பு.
வெளியே காற்று நின்றிருந்தது,
செதோ கடலில் ஆகஸ்ட் மாலை அப்படித்தான்,
கொடிக்கம்பத்துக் கயிறுகூட ஆடாது.
வீட்டுக்கு ஃபோன் போட்டார், ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.
குழந்தை சிணுங்கும் சத்தம்.
ஏதோ கவிழும் சத்தம்.
பிறகு தூரத்திலிருந்து அவள் குரல்,
எங்களிடம் இல்லை, தொட்டில்மேல் ஏறப்பார்த்த ஒன்றிடம்:
"நகி... ஸா!"

ஸா என்றால் ஒன்றுமில்லை.
வா, கிளம்பு, போதும், சரி,
எல்லாவற்றுக்கும் நாங்கள் சொல்வது.

அவர் கை பேனாவைத் தேடியது.
நகிஸா. கரை.
நீரின் மூன்று துளி, பக்கத்தில் ஆள் என்னும் எழுத்து.
பதினொரு கோடு. பட்டியலில் இருக்கிறது.
கடைசிக் கோட்டில் வெல்டருக்குக் கை நடுங்கியது.

"முதல் இரண்டு எழுத்துக்குப் பூனை வந்துவிடுமே" என்றேன்.
"வரட்டும்" என்றார்.
"மூன்றாவது வரை பொறுத்தால் பெண் வருவாள்."
ஃபோனில் இணைப்பு இன்னும் இருந்தது.
யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்,
மூச்சு மட்டும் வந்தது.

முத்திரை வைத்தேன்.

அவசரத்தில் அந்த அட்டையை
மேசையிலேயே விட்டுப் போய்விட்டார்.
ஜூன் ஊசி தவறியிருக்கிறது.
நாளை காலை முதல் வேலையாகக் கூப்பிட வேண்டும்,
ஒகிமோதோ நகியின் வீட்டுக்கு.