செம்பேன்

தெண்டர் ஆற்றோரம், பாதி ஊர் மழைக்குள் இருந்தது.
கதவைத் திறந்ததும் கோடலீவா சொன்னார்:
"செய்தது யாரென்று எனக்குத் தெரியும்.
நீங்கள் நிரூபித்தால் போதும்."

பந்தயப் புறாச் சங்கத்தின் இணையதளம்.
உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர்.
பூர்ஜிலிருந்து பறந்து திரும்பிய புறாக்களின்
நேரப் பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில்
பாதி விலையில் ஓட்டக் காலணிகள்,
பெயர் வாயில் நுழையாத மாத்திரைகள்.

சந்தேகம் ஃபிர்மின் மேல்.
அக்கரைச் சங்கத்தின் செயலாளர்.
இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு தகராறு:
நான்கு விநாடி வித்தியாசம், பரிசு ஒரு பன்றித் தொடை.
பதினோரு நாளாக ரொட்டிக்கடையில்
அவருக்கு இவர் வணக்கம் சொல்லவில்லை.
"அவரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா," என்றார்,
நானும் கடையில் நின்றிருந்தவன் போல.

நான் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவன்.
காபி வந்தது, தட்டில் ஒரே ஒரு பிஸ்கட்.
பதிவேட்டைத் திறந்தேன்.
செவ்வாய், அதிகாலை மூன்று பன்னிரண்டு.
வந்தது ஆளில்லை, ஒரு நிரல்.
அதே இரவு, அதே கால்தடம்
போர்த்துகலில் ஒரு பல் மருத்துவரிடமும்
யாரோ இருவரின் கல்யாண ஆல்பத்திலும்
பதிந்திருப்பதாகச் சக ஊழியர் எழுதியிருந்தார்.
கதவு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறது.
அதற்குத் தூக்கம் வராது. வெறுப்பும் வராது.

"உங்கள் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
மென்பொருளின் பதிப்பு எண் இருக்கிறது.
ஐந்து வருடப் பழசு.
சாவி மிதியடிக்குக் கீழே என்று
வாசலில் எழுதி வைத்த மாதிரி."

"பருந்து அப்படிச் செய்யாது," என்றார்.
"கூட்டத்தில் வெள்ளையாய் ஒன்று,
இல்லை, சிறகு பிசகிய ஒன்று.
பார்த்துத்தான் எடுக்கும்.
மூன்றைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்."

இது பருந்து இல்லை.
மழை என்று சொல்லிப் பார்த்தேன், ஒழுகும் கூரை என்றேன்.
எனக்கே திருப்தியில்லை.
"செம்பேன்," என்றார் அவரே, கொஞ்சம் பொறுத்து.
"கூண்டுப் பலகை இடுக்கில் கிடக்கும்.
இருட்டினால் வரும்.
பரிசு வாங்கியதா வாங்காததா என்று பார்க்காது.
சூடு இருந்தால் போதும்."

சூடு. அதுதான்.
"உங்கள் தளத்தில் சூடு இருக்கிறது," என்றேன்.
பதினாறு வருடமாக ஒரு பொய்யும் ஏறாத முகவரி:
வளைய எண், தூரம், காற்றின் திசை,
வழியில் காணாமல் போனவற்றுக்கு ஒரு வரி.
தேடுபொறிகள் அதை நம்புகின்றன.
அந்த நம்பிக்கைக்குள் புகுந்து கடை விரித்திருக்கிறார்கள்.
அந்தக் காலணிகள் உலகத்தில் எங்கேயும் இல்லை.
உங்கள் நல்ல பெயரைத்தான்
சில்லறையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் ஃபிர்மின்?"

அக்கரைச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.
அங்கும் காலணிகள். அதே பாதி விலை.
நிறம் மட்டும் நீலம்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு
வெகுநேரம் அந்த நீலக் காலணிகளையே பார்த்தார்.
"அவரும் என்னைத்தான் நினைத்திருப்பார்," என்றார்.
பிறகு, குரல் தாழ்ந்து,
"ஆக, ஒருவர்கூட எங்களைக் குறிவைக்கவில்லை."
"இல்லை."
"ஒருவர்கூட."

வீடு புகுந்த திருடன்
வீட்டுக்காரியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பதற்கு
ஆறுதல் சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.
நான் ஓட்டையை அடைத்தேன், குப்பையைத் துடைத்தேன்,
பட்டியலை மீட்டேன். முதலிடம் ஒரு சாம்பல் பெட்டை.

பழைய கடவுச்சொல், அன்று நான்கு விநாடியில்
தோற்ற புறாவின் பெயர்.
புதியது நீளமாக இருக்கட்டும் என்றேன்.
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
ஒற்றை விரலால் அடித்தார், நெடுநேரம்,
நடுவில் ஒருமுறை நிறுத்தி, ஆற்றைப் பார்த்துவிட்டு.
விசைச் சத்தத்தில் எழுத்துகள் தெரிவதில்லை.