மூன்றாம் நபர்

லைசென்ஸ் வந்து ஒன்பது நாள்.
வண்டி வந்து நாலு நாள்.
ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் ஓட்டிய சாம்பல் நிற வேகன் ஆர்,
இடது கதவு மட்டும் சொன்னபடி கேட்காது.

'பதினாலு நாளுக்குள்ள பேர் மாத்தணும் மேடம்,
பாலிசி இன்னும் அவர் பேர்ல தூங்குது'
என்கிறார் ஜலாலுத்தீன்.
தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை மாடி.
ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல்,
காற்றைத் தவிர எல்லாம் தரும் மின்விசிறி.

பழைய ஓனர் ஆறு வருடம்
எதையும் இடிக்காமல் சேர்த்த போனஸ்
வண்டியோடு வராதாம்.
கால் டேங்க் பெட்ரோல் வந்தது.
சீட்டுக்கடியில் யாரோ ஒரு குழந்தையின் நீலக் க்ரேயான் வந்தது.
நல்ல பேர் மட்டும் அவரோடே போய்விட்டது.
நாற்பத்திரண்டு வயதில் நான்
பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

'உங்க வண்டி டேமேஜ் உங்க இஷ்டம்.
தேர்ட் பார்ட்டி கட்டாயம்.'
யார் அந்த மூணாவது ஆள், என்றேன்.
'நீங்க ஒண்ணு, கம்பெனி ரெண்டு.
மிச்சம் ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் மூணு.'

எனக்கு அவரைத் தெரியும்.
அவசரப் பிரிவு வாசலில் பதினேழு வருடமாக
இரவு ரிஜிஸ்டர் எழுதுகிறவள் நான்.
பெயர் தெரியவில்லை. ஆண். வயது சுமார் நாற்பது.
பள்ளிகொண்டா அருகில். கொண்டுவந்தவர் லாரி கிளீனர்.
சட்டைப்பையில் பீடிக்கட்டு, பதினெட்டு ரூபாய்,
வாணியம்பாடிக்கு ஒரு பஸ் டிக்கெட்.
விடிவதற்குள் சிலருக்குப் பெயர் வந்து சேரும்,
வெறுங்காலோடு ஓடிவந்த ஒருத்தியின் வாயில்.
சிலருக்கு வராது.
அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டேன்,
ஒரு கோடு போடுவேன்.

அவர் உயிருக்குத் தொகையில் வரம்பில்லை என்கிறது தாள்.
சுவர், கடை, இன்னொரு வண்டி என்றால் ஏழரை லட்சம் வரை.
ஏழரையா, என்றேன்.
'சட்டம் மேடம், சனி இல்ல.'

நீங்க போயிட்டா பதினஞ்சு லட்சம், நாமினி யாரு?
கிரேஸ் ஹெப்சிபா.
உறவு?
தங்கை.
மூன்று வருடமாகப் பேச்சில்லை என்பதற்கு
அந்தத் தாளில் கட்டமில்லை.

ரசீதை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.
பாலாற்றுப் பாலம் முழுக்க இரண்டாவது கியர்.
கீழே மணல், சீமைக்கருவேலம், ஓரமாய்க் கொஞ்சம் தண்ணீர்;
அதைப் பார்க்கவிடாமல் பின்னால்
காட்பாடி பஸ்ஸின் ஹாரன்.
விருதம்பட்டு இறக்கத்தில்
இலவம்பாடிக் கத்தரிக்காய் மூட்டையோடு
ஒரு சைக்கிள் குறுக்கே.

கால் பிரேக்கைத் தேடியது.
கண்டுபிடித்தது.
ஒரு முழம் இருந்திருக்கும் இடைவெளி.
இரண்டு காய்கள் உருண்டுபோய்
பம்பரின் நிழலில் நின்றன.

ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு
அவர் திட்டினார்.
என் கண்ணை, என் லைசென்ஸை, அதைக் கொடுத்தவனை,
என்னைப் பெற்றவளை,
முன்பல் இல்லாத வாயால், மூச்சு வாங்காமல்.
நன்றாகக் கேட்கட்டும் என்று
கண்ணாடியை முழுசாக இறக்கினேன்.
ஆண், சுமார் ஐம்பத்தைந்து,
நினைவோடு இருக்கிறார், பேசுகிறார்
என்று கை எழுதப் பார்த்தது.

உங்க பேரு என்னங்க, என்றேன்.
'எதுக்கு? கேஸு குடுக்கவா?'
முள் குத்தாமல் காம்பைப் பிடித்து
இரண்டு காயையும் மூட்டையில் போட்டுக்கொண்டு
மிதித்துப் போய்விட்டார்.

வண்டி எப்போதோ அணைந்திருந்தது.
பஸ் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.