கணக்குப் புத்தகம்

கறுப்பு ஸ்ப்ரே ஒன்று, ஏழு வெள்ளி தொண்ணூறு காசு.
என் கையெழுத்துதான்.
வெள்ளிக்கிழமை, மழைக்குச் சற்று முன்னால்,
ரூபேந்திரன் வாங்கிப் போனான்.
மோட்டாருக்கு அடிக்க என்றான்.
ஒரு டின் போதுமா என்று
நானேதான் கேட்டேன்.

ஊர்ப் பெயரை மாற்றிப் பலகை நட்டு வருஷங்கள் ஆகின்றன.
என் ரசீதில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
பழையதை லேசில் விடுகிற ஆள் இல்லை நான்.
அதனால்தான்
சனிக்கிழமை வந்த போன்
பசியாற விடவில்லை.
செம்பனைத் தோட்டத்துக் கொங்சியில்,
பங்களாதேஷ் ஆட்கள் இருக்கும் வரிசையில்,
ஐந்து கதவுகளில்
'உங்க சாமி அடையாளம்' போட்டிருக்கிறதாம்.

உங்க.

போய்ப் பார்த்தேன்.
சாய்ந்து நின்றது,
ஒரு முனை தரையைக் குத்திக்கொண்டு.
நான்கு புள்ளிகள் இல்லை.
கீழே மலாயில் ஒற்றைச் சொல்: பாலேக்.
திரும்பிப் போ.
அப்பாவின் சைக்கிள் கடைச் சுவரிலும்
ஒருமுறை அந்தச் சொல் இருந்தது.
பக்கத்தில் எழுதிய நாடுதான் வேறு.

ரஃபீகுல் பாதிக் கதவைப் பிடித்தபடி
உடைந்த மலாயில் கேட்டான்:
"அக்கா, உங்க கல்லாவில் இருக்கிறதுதானே இது?
உங்க கோயிலுக்கு நாங்க என்ன செய்தோம்?"

என்ன சொல்ல?
எங்கோ ஐரோப்பாவில் இதைச் சாய்த்துக் கொடியில் ஏற்றி
மனிதர்களை ரயில் ரயிலாக அனுப்பி எரித்தார்கள் என்றா?
எங்கள் பையன் அதைப் போனில் பார்த்துக்
கற்றுக்கொண்டான் என்றா?
இது அதுவல்ல என்றா?
கதவில் இருந்தது அதுவேதான்.

சு, அஸ்தி. நன்மை உண்டு.
அப்படித்தான் ஐயர் சொன்னார் கடை திறந்த அன்று.
எங்கள் காதில் அஸ்தி என்றால் சாம்பல்,
சின்னக் கலசத்தில், சிவப்புத் துணி கட்டி வருவது.
தாத்தாவுக்கு அதுவும் வரவில்லை.
சயாம் ரயில் பாதையில்
எந்தக் கட்டைக்கு அடியில் கிடக்கிறாரோ.
அவரை லாரியில் ஏற்றியவர்களின் கொடியில்
இது இல்லை. சூரியன் இருந்தது.
வெள்ளைத் துணியில் சிவப்பாய், வட்டமாய், நம் சூரியன்.

அந்தத் தையிலும் லயத்தில் பொங்கல் வைத்தார்கள்.
அரிசி கிடையாது;
மரவள்ளிக்கிழங்கை அவித்துக்
கிழக்கே பார்த்துப் படைத்தார்களாம்.
கும்பிட்டபோது கசந்ததா என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

ரஃபீகுலிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
தின்னர் எடுத்துவந்தேன்.

கறுப்பு சட்டென்று போகிற நிறமில்லை.
முதலில் வழியும்.
பிறகு சாம்பலாகப் பரவும்.
மூன்றாவது கதவில், பழக்கதோஷம்,
என் விரல் தானாகப் போய்
அதன் நான்கு மூலையிலும் புள்ளி வைக்கப் பார்த்தது.
கையை உதறிக்கொண்டேன்.
ரூபேந்திரன் வரவில்லை.
அவன் அம்மா சாரதாமணி வந்தாள்,
வீட்டு பிரஷ்ஷோடு,
ஐந்தாவது கதவுக்கு.
வெள்ளை பெயிண்ட் ஒரு லிட்டர். சொந்தக் கணக்கு.

"கல்லாவில் இருப்பதை அழித்துவிடேன், வம்பு எதற்கு?"
என்றார் வீட்டுக்காரர்.
மஞ்சள் குழைத்தேன்.
நேராக வரைந்தேன், சம்மணமிட்டு உட்கார்ந்த மாதிரி.
புள்ளிகளை நகம் பதிய அழுத்தினேன்.
பதினெட்டு ஆயுத பூஜைக்கு ஓடிய கை
அன்று ஒவ்வொரு திருப்பத்திலும்
நின்று நின்று போனது.

திங்கட்கிழமை ரஃபீகுல் கடைக்கு வந்தான்.
கல்லாவைப் பார்த்தான்.
அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.
பில் புத்தகத்தை இழுத்து மறைத்திருக்கலாம்.
மறைக்கவில்லை.

பூட்டு வேண்டும் என்றான்.
பெரியதா, சின்னதா?
பெரியது.

பூட்டு ஒன்று, பதினான்கு வெள்ளி,
அதே பக்கத்தில்,
கறுப்பு ஸ்ப்ரேக்கு ஆறு வரி கீழே எழுதினேன்.
மீதிக் காசை
அவன் இரண்டு தடவை எண்ணினான்.